பழைய சின்னத்துக்குப் பக்கத்திலே வீடா? கடப்பாரை எடுக்கும் முன்னே கேட்க வேண்டியவை



குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது கடன் விண்ணப்பங்களையும் தீர்மானப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் ஆடு வாங்க, மாடு வாங்க, பிள்ளை படிப்புக்கு, வைத்தியச் செலவுக்கு என்று காரணம் எழுதியிருக்கும். இப்போது "வீடு எடுத்துக்கட்ட", "மாடி போட", "கக்கூஸ் கட்ட" என்று எழுதுவது கூடியிருக்கிறது. பெண்கள் கையால் வீடு நிமிர்வது நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் குழுக்களில் இதோடு சேர்ந்து மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

"எங்க வீடு பழைய கோயிலுக்குப் பின்னாடி இருக்கு. தொல்லியல்காரங்க போர்டு நட்டிருக்காங்க. ஓட்டை மாத்தி காங்கிரீட் போடலாமா?" என்பது ஒன்று.

"மலையடிவாரம் பூராவும் புலிக்காடுன்னு அறிவிச்சுட்டாங்களாம். பட்டா எடத்துல கூட ஒரு ரூம்பு இழுத்துக் கட்ட முடியாதாமே?" என்பது இரண்டாவது.

"வீடு எங்களது, அடிமனை கோயிலோடது. மாடி எடுத்தா யாரு கேக்கப் போறா?" என்பது மூன்றாவது.

மூன்றும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் மூன்றுக்கும் சட்டம் வேறு, போகவேண்டிய ஆபீஸ் வேறு, பதிலும் வேறு. ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொண்டுதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். கட்டலாம் என்று நம்பி அஸ்திவாரம் தோண்டி, பாதியிலே நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவர்களும் உண்டு. கட்டவே கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒழுகுகிற கூரைக்குக் கீழே பத்து மழைக்காலம் இருந்தவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் எங்களுக்கு அதிக வருத்தம் தருகிறது. சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிற வழியைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

முதலில் போர்டைப் படியுங்கள்

பழைய கட்டடம் எல்லாம் ஒரே துறையின் கையில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். 11 நிலைக் கோபுரத்தோடு நிற்கும் ஆண்டாள் கோயில் இந்து சமய அறநிலையத்துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. அதே ஊரில் உள்ள திருமலை நாயக்கர் அரண்மனை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. இவை இரண்டும் இல்லாமல், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று மத்திய அரசு அறிவித்த சின்னங்கள் தனி. அவற்றை இந்தியத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் எல்லாம் இந்த வகை. தென்மாவட்டங்களுக்கான அதன் திருச்சி வட்ட அலுவலகம் 2020இல் தொடங்கப்பட்டது.

மூவரைவென்றான் குடைவரைக் கோயில் மாதிரி மலையைக் குடைந்த கோயிலோ, பழைய கல்வெட்டுள்ள பாறையோ உங்கள் ஊரில் இருந்தால், அங்கே நட்டிருக்கும் அறிவிப்புப் பலகையைப் போய்ப் படியுங்கள். படிக்கத் தெரியாத அக்கா இருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பலகையில் ஒரு சட்டத்தின் ஆண்டு எழுதியிருக்கும். 1958 என்று இருந்தால் மத்தியச் சட்டம். 1966 என்று இருந்தால் தமிழ்நாட்டுச் சட்டம். இந்த ஒரு எண்தான் நீங்கள் எந்த ஆபீஸ் படி ஏறவேண்டும் என்பதைச் சொல்லும். பலகையே இல்லை என்றால், சின்னமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தார் அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழே சொல்லப்போகிற 100 மீட்டர், 200 மீட்டர் கணக்கு மத்தியச் சட்டத்துக்கு உரியது. பலகையில் 1966 என்று இருந்தால் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

100 மீட்டர், அதற்கப்பால் 200 மீட்டர்

1992 ஜூன் 16ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அதாவது மொத்தம் 300 மீட்டர். நம்ம கணக்கில் சொன்னால் முதல் வட்டம் சுமார் 328 அடி, இரண்டாவது வட்டம் முடிகிற இடம் சுமார் 984 அடி. 2010இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அனுமதி விஷயத்தைப் பார்க்க தேசிய நினைவுச்சின்ன ஆணையம் என்று ஒன்றையும் ஏற்படுத்தினார்கள்.

அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ அளப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்த எல்லையிலிருந்து அளக்கவேண்டும். சின்னத்தைச் சுற்றி அரசு வேலி போட்ட நிலம் 50 மீட்டர் அகலம் இருந்தால், கணக்கு அந்த 50க்கு வெளியிலிருந்துதான் ஆரம்பிக்கும். "எங்க வீடு கோயில்ல இருந்து 120 மீட்டர், அதனால தப்பிச்சோம்" என்று நினைத்தவர்கள் உண்மையில் தடைப் பகுதிக்குள்ளேயே இருக்கலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். பழைய கல் கட்டடம் பல ஊர்களில் ஆழமான அஸ்திவாரம் இல்லாமல் நிற்கிறது. பக்கத்தில் ஆழமாகத் தோண்டினால் மண் நகரும். ஆழ்குழாய் போட்டாலும் நிலத்தடி ஈரம் மாறும். உயரமாகக் கட்டினால் சின்னம் கண்ணில் படாது. இன்னொரு காரணம், மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டும் வரை யாருக்கும் தெரியாது. நம்ம விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல் துண்டுகளும் பாசிமணிகளும் சுடுமண் பொருட்களும் குவியலாகக் கிடைத்தன. அதற்கு முன்னால் அது வெறும் மேடாகத்தான் கிடந்தது.

இடித்தால் போச்சு

இந்தப் பகுதியைக் குழுவில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மற்றதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

சட்டம் மூன்று வார்த்தைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டுமானம் என்றால் புதுசாகக் கட்டுவது, இருக்கிற வீட்டை மேலேயோ பக்கவாட்டிலோ கூட்டுவது. மறுகட்டுமானம் என்றால் பழையதை எடுத்துவிட்டு அதே நீளம், அகலம், உயரத்தில் திரும்பக் கட்டுவது. பழுதுபார்த்தல், புதுப்பித்தல் என்றால் இருக்கிற கட்டடத்தை நிறுத்தி வைத்துக்கொண்டே அதில் மாற்றம் செய்வது.

100 மீட்டர் தடைப் பகுதிக்குள் வீட்டுக்காரர் அனுமதி கேட்கக்கூடியது மூன்றாவதை மட்டும்தான். அதாவது பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும். அதுவும் அந்த வீடு 1992 ஜூன் 16க்கு முன்னாலேயே இருந்திருக்க வேண்டும், அல்லது அதற்குப் பிறகு முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டியதாக இருக்கவேண்டும். மாடி எடுப்பது கட்டுமானம், அதற்கு வழி இல்லை. பக்கத்தில் ஓர் அறை இழுப்பதும் அப்படித்தான். பழைய வீட்டை முழுக்க இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டால், பழுதுபார்க்க அங்கே வீடே இல்லை. அப்புறம் அந்த மனை காலி மனைதான்.

சுவர் சாய்ந்திருக்கிறது, ஓடு உடைந்திருக்கிறது, எலி பொந்து போட்டிருக்கிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் முதலில் சொல்வது என்ன? "இதை ஒட்டுப்போட்டு என்னம்மா பிரயோசனம், இடிச்சிட்டுப் புதுசா எழுப்புங்க" என்பார். சாதாரண இடத்தில் அது நல்ல யோசனையாகக்கூட இருக்கும். தடைப் பகுதியில் அந்த ஒரு பேச்சைக் கேட்டு நடந்தால் வீடு போய்விடும். கொத்தனார் மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் வேலைக்கு வரும் கொத்தனாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்திருந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடியில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். எந்தத் திட்டமானாலும், பெயர் வந்ததும் முதல் வேலையாகக் குடிசையைப் பிரித்துவிடுவது நம்ம பழக்கம். மனை சின்னத்துக்குப் பக்கத்தில் இருந்தால் குடிசையைப் பிரிக்கும் முன்னே ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பிரித்த பிறகு கேட்டுப் பலன் இல்லை.

100 மீட்டரைத் தாண்டிய அடுத்த 200 மீட்டரில் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. அங்கே புதுசாகக் கட்டுவது, மறுபடி கட்டுவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அனுமதி வாங்கித்தான் செய்யவேண்டும். உயரத்துக்கும் தோற்றத்துக்கும் நிபந்தனை போடுவார்கள்.

அனுமதி இல்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஏழை வீட்டுக்காரியை ஜெயிலில் போடுவார்களா என்று கேட்கலாம். எங்கள் கவலை அதைவிட, கட்டியதை அகற்றச் சொல்லும்போது அதற்குள் போட்ட கடன் அப்படியே நிற்குமே என்பதுதான்.

கழிப்பறை

வீட்டுக்குள் கழிப்பறை இல்லாமல் இருட்டு வரக் காத்திருப்பது என்ன கஷ்டம் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தடைப் பகுதியில் இருக்கும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்.

பொதுக் கழிப்பறை, சாக்கடை, பொதுக் குடிநீர்க் குழாய், பொது மின்சார வசதி இவற்றைக் கட்டுமானம் என்ற வார்த்தைக்குள் சட்டம் சேர்க்கவில்லை. ஆகவே தெருவுக்குப் பொதுவான மகளிர் கழிப்பறை கேட்டு ஊராட்சியில் மனு கொடுப்பதற்குத் தொல்லியல் சட்டம் என்று மட்டும் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. குழுக்கள் சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போட இது நல்ல பிடி.

சொந்த வீட்டுக் கழிப்பறைக்கு அந்த விலக்கு கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். புழக்கடையில் தனியாக நாலு சுவர் எழுப்பினால் அது புதுக் கட்டடம். இருக்கிற வீட்டின் சுவர்களுக்கு உள்ளேயே, அடுப்படியின் ஒரு மூலையையோ பின்கட்டையோ தடுத்துக் கழிப்பறை ஆக்கினால் அது இருக்கிற கட்டடத்தில் செய்யும் மாற்றம். பின்னதைப் பழுதுபார்த்தல், புதுப்பித்தல் என்ற பெயரில் விண்ணப்பிக்க இடம் இருக்கிறது. வரைபடத்தில் வெளிச்சுவர் எதுவும் நகரவில்லை, உயரம் கூடவில்லை என்று தெளிவாகக் காட்டவேண்டும். கழிவுத் தொட்டிக்கு எங்கே, எவ்வளவு ஆழம் தோண்டுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். தோண்டுவதைத்தான் அதிகாரிகள் உற்றுப் பார்ப்பார்கள்.

மனு போடுவது எப்படி

மனு தகுதி வாய்ந்த அதிகாரிக்குப் போகவேண்டும். தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் இணையதளம் வழியாகவும் போடலாம். பொது இ-சேவை மையத்திலோ கணினி தெரிந்த பிள்ளையை வைத்தோ செய்துகொள்ளலாம். வந்த மனுவை அவர் 15 நாளுக்குள் ஆணையத்துக்கு அனுப்பவேண்டும். ஆணையம் 2 மாதத்துக்குள் தன் கருத்தைச் சொல்லவேண்டும். அது கிடைத்ததிலிருந்து 1 மாதத்துக்குள் அதிகாரி அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். மறுப்பதாக இருந்தால் அதற்கு முன் உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும். இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்றரை மாதம். நடைமுறையில் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மனு போட்ட நாள், பதிவு எண் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மனுவுக்கு உயிர் எது என்றால் பழைய காகிதம்தான். வீடு 1992 ஜூனுக்கு முன்னாலேயே இருந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? பழைய வீட்டு வரி ரசீது, மின்சார அட்டை, கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலில் கதவு எண்ணோடு உள்ள பெயர் எல்லாம் உதவும். இவை பெரும்பாலும் மாமியார் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். டிரங்குப் பெட்டி அடியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் கிடக்கும். கரையான் அரிக்கும் முன் எடுத்து, படி எடுத்து, தனியாக வையுங்கள். அதோடு வீட்டின் இப்போதைய நிலையை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சுவர் வெடிப்பு, ஒழுகும் இடம், சாய்ந்த தூண் எல்லாம் தெரியவேண்டும். சின்னத்தின் எல்லையிலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்பதையும் குறிப்பிடவேண்டும். இஸ்ரோ உதவியோடு செய்த ஸ்மாரக் என்ற செல்போன் செயலியில் நின்ற இடத்திலிருந்தே எந்தப் பகுதி என்று ஓரளவு பார்க்கலாம். ஆனால் அதையே இறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"நான் முடிச்சுத் தர்றேன்" என்று வருகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். தடைப் பகுதியில் மாடிக்கு அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னால் அது பொய் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கோயில் தெருவும் அடிமனையும்

ஆண்டாள் கோயில் மாதிரி அறநிலையத்துறைக் கோயில் இருக்கும் ஊர்களில் மேலே சொன்ன 100 மீட்டர் கணக்கு தானாகப் பொருந்தாது. ஆனால் உயரக் கட்டுப்பாடு இருக்கலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் கூடாது என்று 1997இல் அரசாணை போட்டார்கள். அதை மீறிக் கட்டிய கடைகள், லாட்ஜுகள் பற்றி வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயின. 9 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 30 அடி, சாதாரணமாக இரண்டு தளம், நெருக்கிப் பிடித்தால் மூன்று. ரத வீதி, அதை ஒட்டிய தெருக்களில் வீடு இருப்பவர்கள் மாடி போடுமுன் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் உயர வரம்பு கேட்டுக்கொள்ள இது போதுமான காரணம்.

அடிமனை விஷயம் இதைவிடச் சிக்கல். கோயில் ஊர்களில் பல தெருக்களில் சுவரும் கூரையும் குடியிருப்பவருடையது, மண் கோயிலுடையது. நகராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறோம், கரண்ட் நம்ம பேரில் இருக்கிறது என்பதால் மண் நமக்குச் சொந்தமாகிவிடாது. 1959ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டப்படி கோயில் நிலத்தை விற்பதற்கும் நீண்ட காலக் குத்தகைக்கு விடுவதற்கும் ஆணையரின் அனுமதி வேண்டும். மாடி எடுக்கவோ பெரிய மாற்றம் செய்யவோ நிர்வாக அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் இறங்கினால், வாடகைதாரர் என்ற நிலையே கேள்விக்குள்ளாகும். வாடகை பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டி ரசீது வாங்குங்கள். கடன் போட்டு மாடி எடுப்பதைவிட அது முக்கியம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஒரு சின்னப் பேச்சு. பழைய வீட்டை மாற்றும்போது எல்லாரும் முதலில் இடிப்பது திண்ணையைத்தான். புதுச்சேரி வைசியாள் வீதியில் திண்ணை, தாழ்வாரம் வைத்த தமிழ் வீடுகளின் முகப்பை உதவித் தொகையோடு பழுதுபார்த்துக் காப்பாற்றினார்கள். அதற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. நம்ம ஊரில் அப்படி உதவித் தொகை கொடுக்க ஆள் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் கூட்டம் போட, பூக்கட்ட, பாண்டேஜ் துணி மடிக்க, மத்தியானம் காத்தாட உட்கார உங்களுக்கு வேறு இடம் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு இடியுங்கள்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். அதிலிருந்து பேச்சு கிளம்பியது, பட்டா நிலத்தில் செங்கல் கூட வைக்க முடியாது என்று. இதற்கிடையில் 2022 ஜூன் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்காக்களையும் வன உயிரினச் சரணாலயங்களையும் சுற்றி குறைந்தது 1 கிலோமீட்டர் சூழல் பாதுகாப்பு மண்டலம் வேண்டும் என்று சொல்லியது. பயம் இன்னும் கூடிவிட்டது. ஆனால் 2023 ஏப்ரல் 26ஆம் தேதி அதே நீதிமன்றம் அந்த உத்தரவைத் திருத்தி, எல்லா இடத்துக்கும் ஒரே அளவு என்பதைத் தளர்த்தியது. முதல் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது, இரண்டாவது செய்தி போய்ச் சேரவில்லை.

அதேபோல மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழல் பகுதி பற்றி மத்திய அரசு திரும்பத் திரும்ப வரைவு அறிவிக்கை வெளியிட்டது. 2024 ஜூலையில் வந்தது ஆறாவது வரைவு. அது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டுமானங்களைத்தான் தடுக்கப் பார்த்தது. இருக்கிற குடியிருப்பு வீடுகளைப் பழுதுபார்க்க, நீட்டிக்க, புதுப்பிக்க நடப்புச் சட்டப்படி தடை இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. புலிகள் காப்பகத்தின் வெளிவட்டப் பகுதியிலும் மக்களின் விவசாயம், பிழைப்பு, வளர்ச்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்றே வன உயிரினச் சட்டம் சொல்கிறது.

உங்களுக்கு உண்மையில் பொருந்தக்கூடியது வேறு ஒன்று. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990இல் அமைந்தது. அதன் பட்டியலில் கிராமம் கிராமமாகப் பெயர் இருக்கிறது. உங்கள் வருவாய்க் கிராமம் அதில் இருந்தால் வீட்டு அனுமதிக்கு முன்னால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத்துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்பார்கள். பக்கத்து ஊர் பட்டியலில் இருக்கும், உங்கள் ஊர் இருக்காது. பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் கிராம நிர்வாக அலுவலரிடமோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ கேளுங்கள்.

செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தாணிப்பாறைப் பக்கம் இருக்கும் பளியர் சகோதரிகளுக்கு இன்னொரு சட்டம் கைகொடுக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டில் குடியிருக்கும் பழங்குடியினர் குடியிருப்புக்கும் சாகுபடிக்கும் உரிமை கேட்கலாம். கல்யாணமானவர் என்றால் உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும். விற்க முடியாது, பிள்ளைகளுக்கு வாரிசாகப் போகும். கிராம சபையில் மனு போடும்போது உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சின்னமும் காடும் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு

சாதாரண வீடுகளுக்கு 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான். வெள்ளையடிக்க, பெயிண்ட் அடிக்க, தரை மாற்ற, வீட்டுக்குள் தடுப்பு வைக்க, அடுத்தவர் பக்கம் திறக்காத கதவு ஜன்னல் வைக்க எல்லாம் திட்ட அனுமதி தேவையில்லை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ கட்டுவதற்கு இணையதளத்தில் நாமே சான்று கொடுத்து அனுமதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதைக் காட்டித் தொல்லியல் அனுமதி வேண்டாம் என்று சொல்ல முடியாது. தெரிந்தே தப்பாகச் சான்று கொடுத்தால் பொறுப்பு கையெழுத்துப் போட்ட உங்களுடையது.

கடனை எப்போது எடுப்பது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழுவில் 1 லட்சம் ரூபாய், ஒரு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கு எடுக்கிறீர்கள். மாதம் 1,000 ரூபாய் வட்டி. அனுமதிக்கு மூன்றரை மாதம் ஆகிறது என்றால், ஒரு செங்கல் வைக்கும் முன்னாலேயே 3,500 ரூபாய் வட்டி போய்விடும். அதற்குள் பணம் வேறு செலவுக்கும் கரைந்துவிடும், வீட்டில் பணம் இருப்பது தெரிந்தால் கேட்க ஆள் இல்லாமலா போகும். ஆகவே மனுவை முதலில் போடுங்கள். அனுமதிக் காகிதம் கைக்கு வந்த பிறகு கடனைத் தூக்குங்கள்.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் வீட்டுக் கடன் மனுவில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளலாம். சின்னம், கோயில் அடிமனை, மலையடிவாரம் இவற்றில் ஏதாவது உண்டா, உண்டென்றால் எந்த ஆபீஸில் கேட்டார்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். மதினி, அக்கா, சொந்தக்காரி என்று பார்த்து இதைக் கேட்காமல் விடவேண்டாம். கடன் நின்றுபோனால் குழுவின் வங்கி இணைப்பே பாதிக்கும்.

அஸ்திவாரம் தோண்டும்போது பானை, காசு, சிலை எதுவும் வெளியே வந்தால் வேலையை நிறுத்திவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டிலேயே போட்ட புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவித்தவர்கள் மேல் வழக்கு வராது, ஒளித்து வைத்தவர்கள் மேல்தான் வரும்.

அடுத்த பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, மேலே சொன்ன பகுதிகளில் வீடு உள்ளவர்கள் பழைய வரி ரசீதையும் வீட்டுப் போட்டோவையும் எடுத்து வாருங்கள். மனு எழுத நாங்கள் உட்கார்ந்து உதவுகிறோம். ரசீது கிடைக்கவில்லை என்றாலும் வாருங்கள், ஊராட்சி அலுவலகத்துப் பழைய வரிப் பதிவேட்டில் தேடுவது எப்படி என்று பேசலாம்.